மடைமாற்றி

ஆஸ்பத்திரியில் நாங்கள் சொன்னது ஒரே ஒரு பொய்தான். நானும் என் வீட்டுக்காரர் திருமூர்த்தியும் ஒரே வீட்டில் இல்லை, நான் என் அம்மா வீட்டோடு போய்விட்டேன் என்று சொன்னோம். கேட்டு எழுதிக்கொண்ட பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திருப்பூரில் பாதிப் பேர் அப்படித்தானே இருக்கிறார்கள் என்று நினைத்திருப்பாள்.

பொய் சொல்ல வைத்தது திருமூர்த்தியின் கால். வலது பாதத்தில் இரண்டு விரல்களை ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். சிகரெட்டால் காலுக்குப் போகிற ரத்தக்குழாய் சுருங்கிப்போய்விட்டது, இனிமேலும் பிடித்தால் முழங்காலுக்குக் கீழே எதுவும் மிஞ்சாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை மேசையைச் சுற்றி நின்றபடியே துணி வெட்டுகிற வேலை. அந்த வேலையில் அவருக்கு அப்படி ஒரு கர்வம். காலை எடுத்துவிட்டால் மனுஷன் பாதி உயிரோடுதான் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

அவர் விடப் பார்க்காமல் இல்லை. கையில் ஒட்டுகிற பட்டை, வாயில் மெல்லுகிற மிட்டாய், முருகன் கோயிலில் சத்தியம், எல்லாம் ஆயிற்று. விட்டுவிட்டேன் என்பார். மூன்றாம் நாள் கொய்யா இலையை மென்றுகொண்டு வீட்டுக்குள் வருவார். கொய்யா இலை வாசம் வந்தால் சிகரெட் பிடித்திருக்கிறார் என்று அர்த்தம். அதைக்கூடக் கண்டுபிடிக்காத பெண்டாட்டி என்று என்னை நினைத்தாரே, அதுதான் எனக்குக் கோபம்.

அப்போதுதான் இந்த மடைமாற்றியைப் பற்றி டாக்டர் நிவேதா சொன்னார். சின்ன வயசு டாக்டர், பேச்சும் நடையும் ஒரே வேகம்.

"சிகரெட் வேணும்னு தோணுறத அடக்கச் சொல்றதுதான் பழைய வழி. முதல் சில வாரத்துலயே முக்கால்வாசிப் பேர் தோத்துருவாங்க. இது அடக்குறது இல்ல. அவருக்குத் தோணுறத அப்படியே இன்னொருத்தருக்குத் திருப்பி விட்டுரும். வாய்க்கால்ல மடையைத் திருப்பி விடுறாங்கல்ல, அந்த மாதிரி."

"இன்னொருத்தருன்னா யாருங்க?"

"சிகரெட் பழக்கமே இல்லாத ஒருத்தர். ரெண்டு பேரும் காதுக்குப் பின்னாடி மணி மாதிரி ஒரு சின்ன மெஷினை மாட்டிக்கணும். இவருக்கு வர்ற ஆசை அவங்ககிட்ட போயிரும். அவங்களுக்குப் பழக்கம் இல்லாததால அது ஒட்டிக்க உள்ள இடம் இருக்காது. கொஞ்ச நேரம் படுத்திட்டு அடங்கிரும். இவர் பக்கம் தண்ணி வராத வாய்க்கால் தானா தூந்து போயிரும். ஆறு வாரம். கடைசியில அந்த இன்னொருத்தர்கிட்ட தங்கியிருக்குறதையும் நாங்க வடிச்சு எடுத்துருவோம்."

சுமக்கிறவருக்கு ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஏற்பாளர் என்று பெயர். ஜனங்கள் சுமைதாங்கி என்றுதான் சொல்கிறார்கள்.

"ஆனா ஒரே வீட்ல இருக்குறவங்க ஏற்பாளரா இருக்கக் கூடாது. தினமும் பாத்துக்குறவங்க வேண்டாம்" என்றார் டாக்டர்.

"ஏனுங்க?"

"சரியா வராதும்மா. தூரத்துச் சொந்தம் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க." வெளியே வரிசை நின்றிருந்தது. அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்படி ஒரு ஆள் இருக்கத்தான் செய்தாள். தாராபுரத்தில் இருக்கிற அவருடைய அக்கா தேன்மொழி. விஷயம் கேட்ட உடனே நான் சுமக்கிறேன் என்று பஸ் ஏறி வந்தாள். நான்தான் விடவில்லை. எங்கள் பக்கத்தில் புருஷனுக்கு ஒன்று என்றால் பெண்டாட்டிகள் நாங்கள் மாரியம்மனுக்குப் பூவோடு எடுப்போம். வேப்பிலை சுற்றிய சட்டியில் நெருப்பை எரியவிட்டு, அதைக் கையில் ஏந்திக்கொண்டு கோயிலைச் சுற்றி வரவேண்டும். அவருக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷம் நான் எடுத்தேன். கை சுட்டாலும் சட்டியை இன்னொருத்தி கையில் கொடுக்கமாட்டோம். கொடுத்தால் ஊர் என்ன சொல்லும் என்பது ஒரு பக்கம், நமக்கே மனசு ஆறாது என்பது இன்னொரு பக்கம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த மனுஷனுக்கு இருப்பது நான் ஒருத்தி. அவர் பாரத்தை நாத்தனார் சுமக்க, நான் சோறாக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதா?

"ஒரே ஊட்ல இருக்கறவிய ஆகாதுன்னு டாக்டரம்மா சொல்லுதில்ல?" என்றாள் தேன்மொழி.

"தனியா இருக்கறோம்னு சொல்லிக்கறோம் விடுங்க" என்றேன். திருமூர்த்தி எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். தேன்மொழி அன்றைக்கே திரும்பிப் போனாள்.

மணியை மாட்டிக்கொண்ட பிறகு முதல் ஆசை எனக்கு வேலையில் வந்தது. நான் வேறொரு கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த டி-சர்ட்டைத் திருப்பிப் போட்டு, ஓட்டை, எண்ணெய்க் கறை, பிரிந்த தையல் எல்லாம் பார்த்துத் தள்ள வேண்டும். டீ முடித்துவிட்டு வந்து முதல் துணியை விரித்தேன். பல்லுக்குப் பின்னால் ஒரு அரிப்பு. வாயில் தண்ணீர் ஊறியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்ட மாதிரி ஒரு காலி. இரண்டு விரல்கள் தாமாகவே விரிந்து நின்றன. எது வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை, ஆனால் வேண்டும். அதைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம். அப்புறம்தான் உறைத்தது, அவரும் இந்நேரம் டீ குடித்துக் கப்பைக் கீழே வைத்திருப்பார் என்று.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இதையா மனுஷன் இத்தனை வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் சத்தியம் செய்துகொண்டிருந்தார்? நான் வேறு, மனசு வைத்தால் முடியாதா என்று வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேன்.

சமாளிக்க டாக்டர் சில வழிகள் சொல்லியிருந்தார். உடனே எதுவும் செய்யாமல் கொஞ்ச நேரம் தள்ளிப் போடு, அது ஏறின மாதிரியே இறங்கும். தண்ணீரை ஒரே மடக்காகக் குடிக்காமல் சப்பிச் சப்பிக் குடி. மூச்சை மெதுவாக இழுத்து மெதுவாக விடு. இருக்கிற இடத்தை விட்டு எழுந்து போ. கையில் எதையாவது வைத்துக்கொள். சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. லைனில் துணி மலையாகக் குவிந்திருக்கும்போது எழுந்து எங்கே போவது? கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டேன். நாக்கு மரத்துப் போகும்வரை கிராம்பு. அப்புறம் இஞ்சி, அப்புறம் கடலைமிட்டாய், அப்புறம் ரப்பர் பேண்டைக் கடித்துக்கொண்டிருந்தேன். ஓட்டை விழுந்த துணிகளை நல்லவை என்று தள்ளிவிட்டு சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கினேன். பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தேன். மலம் கட்டியது, தூக்கம் போயிற்று, தலை எப்போதும் கனத்தது.

ஒரு நாள் மதியம் என்னையும் அறியாமல் பேக்கரி ஓரத்தில் ஆண்கள் சிகரெட் பிடிக்கிற இடத்தில் போய் நின்றுவிட்டேன். புகை வரும் பக்கமாக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஒருத்தன் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தான். இன்னொருத்தன் அவன் காதில் ஏதோ சொல்ல, சிரித்தார்கள். அப்போதும் எனக்கு நகர மனம் வரவில்லை. மானம் பெரிதா அந்தப் புகை பெரிதா என்று கேட்டால், அந்த நிமிஷத்தில் புகைதான்.

வீட்டில் திருமூர்த்தி நன்றாக இருந்தார். சொல்லப்போனால் ரொம்ப நன்றாக இருந்தார். நாக்கில் ருசி திரும்பிவிட்டது என்று பச்சைப்பயிறு கடைசலை இரண்டு தடவை போட்டுக்கொண்டார். காலில் சூடு வந்துவிட்டது, தொட்டுப் பார் என்றார். தொட்டுப் பார்த்தேன், பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. எத்தனையோ மாசமாகச் சில்லிட்டுக் கிடந்த பாதம். அன்றைக்கு முழுக்க என்ன ஆசை வந்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

"உனக்கு ரொம்பச் சிரமமா இருக்குதா புள்ள?" என்று கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மாமா. நீங்க வெசனப்படாதீங்க" என்றேன்.

அவரும் சரி என்று டிவியைப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை.

வாராவாரம் ஆஸ்பத்திரிக்கு நான் தனியாகப் போய்வர வேண்டும். அங்கே சுமைதாங்கிகளுக்கு என்று ஒரு பெஞ்சு. என்னை மாதிரி சொந்தத்துக்குச் சுமக்கிறவர்கள் ஒன்றிரண்டு பேர்தான். மற்றவர்கள் எல்லாம் கூலிக்கு. ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர் நிற்கிறான். முதலாளிகள் யாரும் தங்கள் வீட்டு ஆட்களை இதற்கு அனுப்புவதில்லை. ஒடிசாவிலிருந்து வந்த ஜமுனா என்று ஒரு பெண், சாயப்பட்டறை முதலாளி ஒருவருக்காகச் சுமந்துகொண்டிருந்தாள்.

"இது எத்தனையாவது ஆளு?" என்று கேட்டேன்.

"தெரியல அக்கா. ஒரு ஆளு முடிஞ்சா வடிப்பாங்க. அடுத்த ஆளு. ஒருத்தரு சிகரெட், ஒருத்தரு சாராயம், ஒருத்தரு ஃபோன்ல ஆடுற சூதாட்டம்." அவள் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டாள். "முன்னாடி எனக்கு ஊருக்குப் போக ஆசை வரும். இப்ப ஏதாவது ஆசை வந்தா, இது என்னோடதா அவங்களோடதான்னு தெரியல."

"அந்த முதலாளியப் பாத்திருக்கியா?"

"இல்ல. பாக்கக் கூடாது. அதான் நல்லது."

அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என் மனசுக்குள் ஒரு மூலையில், நான் இவளைப் போல இல்லை, என் புருஷனுக்காகச் சுமக்கிறேன் என்கிற இறுமாப்பும் இருந்தது.

போகப்போக ஆசை வரும் நேரங்கள் எனக்குப் பழகிவிட்டன. டீக்கு அப்புறம் ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, கரண்ட் போய் மிஷின் நிற்கும்போது ஒன்று, அவரை மேனேஜர் திட்டினால் ஒன்று. வாயைத் திறந்து எதையும் சொல்லாத மனுஷன் என்ன நினைக்கிறார் என்று இத்தனை வருஷத்தில் தெரியாததெல்லாம் இப்போது காதுக்குப் பின்னாலிருந்து செய்தி வாசித்தது. வாரங்கள் போக அவை ஒவ்வொன்றாகத் தேய்ந்தன. டாக்டர் சொன்னபடியே வாய்க்கால் தூர்ந்துகொண்டிருந்தது.

ஒன்றைத் தவிர.

அது பொழுதோட நான் வீட்டுக்கு வரும்போது வந்தது. எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் தாழ்ப்பாளைத் தூக்குவேன். கிரீச்சென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தோடு ஆசை வந்து விழும். மற்றவை எல்லாம் நெஞ்சைக் காலி செய்யும். இது நெஞ்சை நிரப்பி, தொண்டைவரை ஏறி, கால்கள் தாமாக ஓடப் பார்க்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினால்தான் உள்ளே போக முடியும். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது.

முதலில், வேலை முடிந்து வந்த களைப்பில் இருக்கிறார், அந்த நேரத்து ஆசை என்று நினைத்தேன். ஒரு நாள் நான் வேண்டுமென்றே நேரம் கழித்து வந்தேன். அதுவரை ஒன்றும் இல்லை. கேட்டைத் தொட்டதும் வந்தது. இன்னொரு நாள் சீக்கிரமே வந்தேன், அப்போதும் கேட்டைத் தொட்டதும் வந்தது. கம்பெனியிலிருந்து அவருக்கு ஃபோன் போட்டேன். "ஏனுங்க மாமா" என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான், அதே ஆசை வந்து விழ, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். சிகரெட் எதற்குப் பிடிப்பார்கள்? தொல்லையை மறக்க. மேனேஜர் திட்டினால் வருகிற அதே ஆசைதான் நான் வந்தாலும் வருகிறது, அதைவிடப் பத்து மடங்காக. அப்படியானால் இந்த மனுஷனுக்கு உலகத்திலேயே பெரிய தொல்லை நான்தான். என் குரல் கேட்டால் எழுந்து ஓட வேண்டும் என்று இருக்கிறது அவருக்கு. அதை எத்தனை வருஷமாகச் சிகரெட்டைப் பிடித்துப் பிடித்துச் சகித்துக்கொண்டிருந்தாரோ? இப்போது நான் உள்ளே நுழைந்தால் அவர் டிவியிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. கால் வலி என்று நினைத்திருந்தேன். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அந்த நாட்களை எப்படிக் கழித்தேன் என்று சொல்ல முடியாது. ஒருத்தருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்று வாயால் கேட்டாலே தாங்காது. எனக்கு அது என் நெஞ்சுக்குள்ளேயே வந்து தினமும் சொல்லிவிட்டுப் போனது. மணியைக் கழற்றி எறிந்துவிடலாம். எறிந்தால் அடுத்த நாள் அவர் கையில் சிகரெட், அதற்கு அடுத்து கால். ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டியிருந்தேன். வீட்டில் பேச்சைக் குறைத்தேன். ஃபோன் போடுவதை நிறுத்தினேன். அவருக்கு ஆசை குறையட்டும் என்று கேட்டைத் திறக்காமல் பக்கத்து வீட்டுச் சந்து வழியாகப் பின்வாசலில் வந்தேன். ஒரு வார்த்தை அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஒரே வீட்டில் இருப்பதையும் சொன்னேன்.

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீங்க கேட்டைத் திறக்கும்போது அவர் முன்னாடியெல்லாம் என்ன பண்ணுவாரு?" என்று கேட்டார்.

"வாசல்ல வந்து நின்னுக்குவாருங்க. சிகரெட் பத்த வெச்சுட்டு நிப்பாரு. நான் திட்டிக்கிட்டே உள்ள போவேன்."

"தினமுமா?"

"கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அப்புடித்தானுங்க. எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருப்பாரு. கேட் சத்தம் கேட்டா எந்திரிச்சு வருவாரு."

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அவரு உங்கள விட்டு ஓட சிகரெட் பிடிக்கலம்மா. நீங்க வந்துட்டீங்கங்குற சந்தோஷத்துல பிடிச்சிருக்காரு. இத்தனை வருஷமா அந்தச் சந்தோஷமும் சிகரெட்டும் ஒண்ணா வந்து வந்து ஒரே முடிச்சா ஆயிருச்சு. இந்த மெஷினுக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாது. ஒரே வீடு வேண்டாம்னு சொல்றது அதுக்குத்தான். ஏற்பாளரே அந்த முடிச்சுல இருந்தா, அவர் காதுல உங்க சத்தம் விழும்போதெல்லாம் மெஷின் முடிச்சோட பிடுங்கி உங்ககிட்ட அனுப்பிரும். தினமும் உங்க சத்தம். தினமும் பிடுங்கியிருக்கு."

"அப்ப எனக்கு வந்தது?"

"ரெண்டும்."

எனக்குக் கேட்டின் கம்பி கையில் இருக்கிற மாதிரி இருந்தது. தொண்டைவரை ஏறிய அது, ஓடப் பார்த்த கால்கள். ஓடப் பார்த்தது சரிதான். எந்தப் பக்கம் என்பதைத்தான் நான் தப்பாக எடுத்துக்கொண்டேன்.

"இனி அத அவருக்கே திருப்பித் தர முடியுங்களா?"

"இப்ப நிறுத்தினா ஓரளவு திரும்பலாம். ஆனா ரெண்டும் சேந்துதான் திரும்பும். நீங்க கேட்டைத் திறக்குற ஒவ்வொரு நாளும் அவருக்குச் சிகரெட் வேணும். அந்தக் கால் தாங்காது." அப்புறம் சொன்னார். "முதல் நாளே நான் விளக்கமாச் சொல்லியிருக்கணும். வரிசை பெருசா இருந்துச்சு."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தாராபுரத்துக்குத் திருப்பி அனுப்பிய தேன்மொழியின் முகம்தான் வந்தது. அவள் சுமந்திருந்தால் சிகரெட் மட்டும் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்து திருமூர்த்தியிடம் மறைக்காமல் சொன்னேன். அவருடைய காலும் அவருடைய மனசும், முடிவு அவர்தான் எடுக்க வேண்டும். அவர் பாதத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டைத் தொறந்தா நீங்க எந்திரிச்சு வருவீங்களே, உங்களுக்கு ஞாபகம் இருக்குங்களா மாமா?" என்றேன்.

"ஏனில்லாம? நல்லா ஞாபகம் இருக்குது."

"இப்ப?"

அவர் உண்மையாகவே யோசித்தார். அந்த முகத்தில் பொய் இல்லை. "இப்ப ஒண்ணுமில்ல புள்ள. வந்துட்டியாக்கும்னு தோணும். அவ்வளவுதான். கெட்டதாவும் இல்ல. நிம்மதியா இருக்குது."

"நிறுத்திப்போட்டா அது திரும்பி வரலாங்க. காலுக்குத்தான் பயம்."

"வந்து என்ன பண்றது?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டார். "என்ற காலு இருக்கட்டும் கோகிலா. நீ இங்கதான இருக்கற. எங்க போயிரப் போற?"

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வேண்டும் என்கிற எண்ணமே போய்விட்டவரிடம், அது உனக்கு வேண்டுமா என்று கேட்டால் வேறு என்ன சொல்வார்? சோறு போடட்டுமா என்றேன். போடு என்றார். அடுப்படியில் போய் நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். அப்போது ஒரு பொட்டு ஆசைகூட வரவில்லை. நான் அழுவது அவர் காதில் விழுந்துதான் இருக்கும்.

ஆறு வாரம் முடிந்தது. அவர் காதிலிருந்த மணியைக் கழற்றினார்கள். காலுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, காலுக்கு இனி ஆபத்தில்லை என்றார்கள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி நன்றி சொன்னார். பெண்டாட்டிக்குக் கை குலுக்கி நன்றி சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். நர்ஸ் சிரித்தாள், நானும் சிரித்து வைத்தேன்.

அப்புறம் என்னை வடிக்கிற அறைக்குக் கூட்டிப் போனார்கள். படுக்க வைத்துத் தலையில் எதையோ பொருத்தினார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நான் வீட்டுக்கு வந்தால் சந்தோஷப்படுகிற ஒரு மனசு இந்த உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது, அது இப்போது எனக்குள் இருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் அதையும் குழாய் வழியாக ஊற்றிவிடுவார்கள் என்று தோன்றியது. எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

"வேண்டாமுங்க."

டாக்டர் நிவேதா ஓடி வந்தார். "வடிக்காம விட்டா சிகரெட் ஆசையும் உங்ககிட்டயே இருக்கும்மா."

"இருந்துட்டுப் போகட்டுங்க."

"எப்படியும் அது ரொம்ப நாள் நிக்காது. நீங்க பிடிக்காத வரைக்கும் அதுக்குத் தீனி இல்ல. கொஞ்சம் கொஞ்சமா மங்கி ஒரு நாள் இல்லாமலே போயிரும். அந்த மட்டுக்கும் உங்களுக்கு நல்லது." ஆறுதலாகத்தான் சொன்னார்.

நான் மறுபடி முன்வாசல் வழியாக வர ஆரம்பித்தேன். முதல் சில நாள், தாழ்ப்பாளைத் தூக்கினதும் முன்போலவே வந்தது. கேட்டில் நின்று அதை முழுசாக வாங்கிக்கொண்டு உள்ளே போவேன். சில நாள் திறந்து மூடித் திறப்பேன். எதிர்வீட்டுக்காரி கேட்டுக்கு எண்ணெய் போடச் சொன்னாள். உள்ளே அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். "வந்துட்டியா" என்பார்.

பிறகு டாக்டர் சொன்னது நடக்கத் தொடங்கியது. தொண்டைவரை ஏறியது நெஞ்சோடு நின்றது. அப்புறம் அதுவும் இல்லை, வயிற்றில் லேசாக ஒரு அசைவு. ஒரு நாள் கேட்டைத் திறந்தேன், இரும்புச் சத்தம் மட்டும்தான் கேட்டது. மறுபடி திறந்தேன். ரொம்ப நேரம் நின்ற பிறகு தூரத்தில் எங்கேயோ கொஞ்சமாக வந்தது. செத்துப்போனவரை மூச்சிருக்கிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறவள் மாதிரி நின்றேன்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது முக்குக் கடையில் நின்றேன். அவருடைய பிராண்டின் பெயரைச் சொல்லி ஒன்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார்.

"மாஸ்டர் உட்டுட்டாருன்னாங்களே?"

"அவருக்கில்லீங்க" என்றேன்.

கேட்டுக்கு முன்னால் நின்று பற்ற வைத்தேன். இரண்டு தீக்குச்சி வீணாயிற்று. முதல் இழுப்பில் கண்ணில் தண்ணீர் வந்து இருமினேன். இரண்டாவது இழுப்பில் தலை சுற்றியது. மூன்றாவது இழுப்பில் பல்லுக்குப் பின்னால் அந்த அரிப்பு அடங்கி, உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் வாய்க்கால் ஒன்று நனைந்தது எனக்கே தெரிந்தது. இதற்குத் தீனி போட்டால் நிலைத்து நிற்கும் என்றுதானே டாக்டர் சொன்னதற்கு அர்த்தம்?

புகை வாசத்துக்குத் திருமூர்த்தி வெளியே வந்தார். நொண்டாமல், நேராக, நல்ல நடையாக நடந்து வந்தார். என் கையில் இருந்ததைப் பார்த்தார். அதிர்ச்சியோ கோபமோ இல்லை, அக்கறை மட்டும் இருந்தது.

"அது ஒடம்புக்கு ஆகாது அம்மிணி. உனக்குத் தெரியாததா?"

"தெரியுங்க மாமா."

"புகை உள்ள வருது. செத்த அக்கட்டால நின்னுக்க" என்று சொல்லி உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினார்.

நான் கேட்டுக்கு வெளியே தள்ளி நின்று மீதியைப் பிடித்தேன். முடிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தாழ்ப்பாளைத் தூக்கினேன். என் நெஞ்சுக்குள்ளிருந்து அவர் எழுந்து வாசலுக்கு ஓடி வந்தார்.